லெயின் நாலு எபிசோட் முடிச்சாச்சு, தொடரலாமா விட்டுடலாமா?

தூங்காத_ஆந்தை

மக்களே ஒரு சந்தேகம். எட்ஜ்ரன்னர்ஸ்ங்கிற அனிமே பாத்து முடிச்ச சூட்டோட இதே மாதிரி சைபர்பங்க் அனிமே, அதான் நெட்டும் மெஷினும் மனுஷ வாழ்க்கைக்குள்ள புகுந்துட்ட உலகத்தைக் காட்டுற ஜப்பான் கார்ட்டூன் சீரிஸ், வேற என்ன இருக்குன்னு தேடுனேன், எங்க பாத்தாலும் சீரியல் எக்ஸ்பெரிமென்ட்ஸ் லெயின் தான் மொதல்ல நிக்குது. 1998 சீரிஸ், மொத்தமே 13 எபிசோட், சனி ஞாயிறுல முடிச்சிடலாம்னு உக்காந்தேன். இப்போ ரெண்டு வாரம் ஆச்சு, நாலாவது எபிசோட்லயே நிக்கிறேன்.

கதை மோசம்னு சொல்லல. செத்துப்போன ஒரு ஸ்கூல் பொண்ணுகிட்ட இருந்து ஒரு வாரம் கழிச்சு கூட படிச்சவங்களுக்கு மெயில் வருது, உடம்பை மட்டும் தான் விட்டுட்டு வந்தேன்னு சொல்லுது. இதைக் கேட்டா யாரா இருந்தாலும் நிமிந்து உக்காருவோம்ல? ஆனா அதுக்கப்புறம் என்ன நடக்குதுன்னா, கதாநாயகி லெயின் ரோட்டுல நடக்குறா, கரண்டு கம்பி ம்ம்ம்னு இரையுது, வீட்டுக்குப் போறா, சாப்பாட்டு மேஜையில யாரும் யாரோடயும் பேசல, ரூமுக்குப் போயி கரடி மாதிரி இருக்குற நைட் டிரஸ்ஸ போட்டுக்கிட்டு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காருறா. அடுத்து திரும்பவும் கரண்டு கம்பி. சத்தியமா ரெண்டு தடவை தூங்கிட்டேன். எனக்குத்தான் பொறுமை போயிடுச்சா, இல்ல இது உண்மையிலேயே இப்படித்தானா? ஸ்பாய்லர் கொஞ்சமா பரவாயில்ல, முடிவை மட்டும் சொல்லிடாதீங்க.

பழைய_மோடம்

ப்ரோ நீங்க அந்தக் கம்பியைக் கவனிச்சிருக்கீங்கல்ல, அப்போ பாதி கிணறு தாண்டிட்டீங்க.

அந்த இரைச்சல் சும்மா பேக்ரவுண்ட் சத்தம் இல்ல, அதான் கதையே. இந்த சீரிஸ்ல நெட்வொர்க்குக்குப் பேரு வயர்ட். அது எங்கயோ திரைக்குப் பின்னாடி இருக்குற உலகம் கிடையாது, தெருவுல தலைக்கு மேல தொங்கிக்கிட்டே இருக்கு, நம்ம தான் நிமிந்து பாக்குறதில்ல. டைரக்டர் நகமுரா ஒவ்வொரு தடவையும் வசனத்தை எல்லாம் நிறுத்திட்டு அந்தச் சத்தத்தை மட்டும் விடுறாரு பாருங்க, வில்லன் வந்து நிக்கிறான்னு அர்த்தம். ஹெட்போன் போட்டு பாருங்க, ஸ்பீக்கர்ல அது காணாமப் போயிடும். அப்புறம் பகல் சீன்ல எல்லாம் வெள்ளை வெளேர்னு இருக்கும், நிழல் மட்டும் கறுப்பா இல்லாம உள்ள ரத்தம் கசிஞ்ச மாதிரி திட்டுத் திட்டா இருக்கும், அதையும் பாருங்க.

சாப்பாட்டு மேஜை சீன் போர் அடிக்குதுன்னு சொன்னீங்க. ஏழாவது எபிசோட்ல ஒருத்தன் லெயினை உக்கார வச்சு உங்க அப்பா அம்மா பிறந்தநாள் என்னைக்குன்னு சாதாரணமா கேப்பான். அவ்ளோதான் கேள்வி. அந்த இடத்துல உங்களுக்கு இந்த அமைதியான சாப்பாட்டு சீன் எல்லாம் ஒண்ணொண்ணா ஞாபகம் வரும், வயித்தைப் பிசையும். வேகமா ஓட்டியிருந்தா அந்த ஒத்தக் கேள்விக்கு இவ்ளோ கனம் வந்திருக்காது.

இன்னொண்ணு, இதை மொத்தமா உக்காந்து பாக்காதீங்க. ராத்திரிக்கு ஒண்ணு, அதுக்கு மேல வேணாம். டிவியில 1998 ஜூலை 6ல இருந்து செப்டம்பர் 28 வரைக்கும் வாரம் ஒண்ணா வந்த சீரிஸ் இது. விண்டோஸ் 98 வந்து ரெண்டு வாரம் கூட ஆகல, கூகுள் கம்பெனி ஆரம்பிச்சதே இது ஓடிக்கிட்டு இருந்தப்போ செப்டம்பர்ல தான். அந்த நேரத்துல உக்காந்து, வயர்ட்ல இருக்குற நான் வேற, இங்க இருக்குற நான் வேறயான்னு ஒரு ஸ்கூல் பொண்ணைக் கேக்க வச்சிருக்காங்க. மோடம் கத்தி முடிச்சு கனெக்ட் ஆகுறதுக்குள்ள காபி குடிச்சிட்டு வந்துடலாம்ங்கிற காலம் அது, அதுல யாருக்கு இந்தக் கேள்வி வந்திருக்கும் சொல்லுங்க.

ரீவைண்ட்

நானும் ரெண்டு தடவை முழுசா பாத்தவன் தான், அதனால திட்டுற உரிமை எனக்கும் இருக்கு.

மெதுவா இருந்தாலே ஆழமா இருக்குன்னு ஒரு கூட்டம் கிளம்பிடுது, அதுதான் எனக்கு ஒத்துக்கல. லெயின்ல பாதி அமைதி அர்த்தமுள்ளது, பழைய மோடம் சொன்னது கரெக்ட். மீதி பாதி அதே ஷாட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுறது தான். பதினோராவது எபிசோட் ஆரம்பத்துல கிட்டார் அடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பழைய காட்சியா ஓடும், அதுக்கும் தத்துவ விளக்கம் எழுதி வச்சிருக்கான் ஒருத்தன், படிச்சா சிரிப்பு வருது.

ஒன்பதாவது எபிசோட் தனி தலைவலி. திடீர்னு கதையை ஓரமா வச்சிட்டு டாக்குமெண்டரி மாதிரி பாடம் நடத்துவாங்க. ராஸ்வெல், வேற்று கிரகத்துக்காரங்க, 1945ல மெமெக்ஸ்னு ஒரு மெஷினைப் பத்தி எழுதுன வன்னிவர் புஷ், டால்ஃபின் ஆராய்ச்சி பண்ண ஜான் லில்லி, ஸனடு ப்ராஜெக்ட் டெட் நெல்சன், பூமியைச் சுத்தி இயற்கையாவே இருக்குற மின்காந்த அதிர்வான ஷூமன் அதிர்வு. இதுல மெமெக்ஸும் ஸனடுவும் நிஜமாவே ஹைப்பர்டெக்ஸ்டோட, அதான் லிங்க்கைத் தட்டி ஒரு பக்கத்துல இருந்து இன்னொண்ணுக்குப் போறதோட, பூர்வ கதை, ஷூமன் அதிர்வும் உண்மையான விஷயம், சுமார் 7.83 ஹெர்ட்ஸ். ஆனா அதை வச்சு மனுஷ மனசை எல்லாம் வயரே இல்லாம இணைச்சிடலாம்னு சொல்லும்போது எது வரலாறு எது கதை விடுறதுன்னு தெரியாம எல்லாத்தையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டிட்டாங்க. வேணும்னே தான் பண்ணாங்கன்னு சொல்லுவீங்க, தெரியும். இருந்தாலும் எனக்கு அஜீரணம்.

மெதுவா போறது எப்படி இருக்கணும்னா எர்கோ ப்ராக்ஸின்னு இன்னொரு அனிமே, அதுல 16வது எபிசோட் பாருங்க. காத்தே இல்லாம கப்பல் நின்னுடும், மூணு பேரும் சும்மா கிடப்பாங்க, அவ்ளோதான் எபிசோட். ஆனா முடியும்போது அந்த மூணு பேரும் முன்ன மாதிரி இருக்க மாட்டாங்க. தத்துவம்னு ஒருத்தன் கூட வாயைத் திறக்கல.

பழைய_மோடம்

எர்கோ ப்ராக்ஸி கப்பல் எபிசோட் பொன்னு, அதுல நமக்குள்ள சண்டையே இல்ல. ஆனா லெயினே மெதுன்னு சொல்றவரை டெக்னோலைஸ்ங்கிற சீரிஸ் முன்னாடி உக்கார வச்சா என்ன ஆகும்? லெயினுக்குக் கதை எழுதுன அதே கொனாகா, கேரக்டர் வரைஞ்ச அதே யோஷிதோஷி அபே, 2003, 22 எபிசோட். முதல் எபிசோட்ல வசனத்தை விரல் விட்டு எண்ணிடலாம்.

கண்ணாடிக்காரி

இங்க எல்லாரும் டைரக்ஷன் பத்தியே பேசுறீங்க, நான் வேற ஒண்ணு சொல்றேன்.

மொத தடவை காலேஜ்ல பாத்தப்போ எனக்கும் போர் தான், ஆறாவது எபிசோடோட விட்டுட்டேன். அப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சு யாரோ என் பேர்ல என் போட்டோவோட ஒரு அக்கவுண்ட் ஆரம்பிச்சு, என்கூட இருந்தவங்களுக்கெல்லாம் மெசேஜ் அனுப்பி, ஒரு ஃப்ரெண்ட் என்கிட்ட மட்டும் சொல்லியிருந்த விஷயத்தை அதுல போட்டுட்டாங்க. அது நான் இல்லன்னு நிரூபிக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. நிரூபிச்சாச்சு, எல்லாரும் சரி சரின்னு தலையாட்டுனாங்க, ஆனா அவ திரும்பப் பேசல. இன்னைக்கு வரைக்கும் பேசல.

அந்தச் சமயத்துல தான் விட்ட இடத்துல இருந்து திரும்ப பாத்தேன். எட்டாவது எபிசோட் பேரே வதந்திகள். லெயினோட ஃப்ரெண்ட் அரிசுவோட ரகசியம் வயர்ட்ல பரவுது, பரப்புனது லெயின்னு எல்லாரும் சொல்றாங்க, லெயின் பண்ணல, ஆனா லெயின் மாதிரியே ஒருத்தி பண்ணியிருக்கா. வகுப்புல அத்தனை பேரும் திரும்பிப் பாக்குற அந்த சீன்ல யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. மொத தடவை இப்படி ஒரு சீன் பாத்திருந்தா ஸ்கிப் பண்ணியிருப்பேன். ரெண்டாவது தடவை பாஸ் பண்ணிட்டு வெளிய போயி நின்னேன், ஏன்னா அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், யாரும் திட்ட மாட்டாங்க, சத்தமே இருக்காது, நீங்க வந்ததும் பேச்சு மட்டும் நின்னுடும்.

அதனால பொறுமை இருக்கா இல்லையான்னு எல்லாம் எனக்குத் தோணல. சில சீரிஸ் நமக்கு ஏதாவது நடந்த அப்புறம் தான் உள்ள விடும். இப்போ ஒட்டலன்னா மூடி வைங்க, தப்பில்ல. ஆனா எட்டு வரைக்கும் மட்டும் போயி பாருங்களேன்.

கம்பளிப்பூச்சி

இவ்ளோ பேசியும் ஓப்பனிங் பாட்டைப் பத்தி ஒருத்தர் கூட சொல்லல பாருங்க. போவா பேண்டோட டுவே. நான் பாட்டுக்காகவே 13 எபிசோடும் பாத்தேன், கதை கடைசி வரைக்கும் புரியல, பரம திருப்தி. கரடி டிரஸ் எனக்கும் வேணும்.

தூங்காத_ஆந்தை

நாலு நாள் கழிச்சு வரேன். பழைய மோடம் சொன்ன மாதிரி ஹெட்போன் போட்டு, லைட்டை அணைச்சிட்டு, ராத்திரிக்கு ஒண்ணுன்னு எட்டு வரைக்கும் போயாச்சு.

அஞ்சாவது எபிசோட்ல அக்காவுக்கு நடக்குறது என்னன்னு முழுசா புரியல, ஆனா தனியா பாத்திருக்கக் கூடாது. பிறந்தநாள் கேள்வி வந்தப்போ நான் ஸ்க்ரீனைப் பாத்து 'சொல்லுடி'ன்னு சத்தமாவே சொல்லிட்டேன்.

கண்ணாடிக்காரி, உங்க மெசேஜைப் படிச்சிட்டு எட்டு பாத்ததால வேற மாதிரி இருந்துச்சு. எனக்கு வகுப்பு சீனை விட கடைசி சீன் தான் போகவே மாட்டேங்குது. நடந்ததை எல்லாம் லெயின் அழிச்சிடுறா, அடுத்த நாள் அரிசு சிரிச்சுக்கிட்டே வர்றா, ஆனா இந்த லெயின்கிட்ட இல்ல. தப்பை அழிச்சதோட இவளும் சேந்து அழிஞ்சிட்டாளான்னு ராத்திரி ரொம்ப நேரம் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். தூக்கம் வரல, இந்தத் தடவை காரணம் வேற.

ஒன்பது நாளைக்குப் பாக்கலாம்னு இருக்கேன். தூங்கிட்டா அந்தப் பழி ரீவைண்ட் ப்ரோ மேல இல்ல.

ரீவைண்ட்

டால்ஃபின் வரைக்கும் முழிச்சிருங்க, அப்புறம் பேசுவோம்.