சிங்கப்பூர் – நியூயார்க் நேரடி விமானம்: தூரமும் நேரமும் ஏன் பொருந்தவில்லை?

கேள்வி (தெம்பனிஸ்வாசி):
சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி நிலையத்துக்கு என் பெற்றோரை நேரடி விமானத்தில் அனுப்பிவைக்க எண்ணியிருக்கிறேன். தூரம் காட்டும் இணையதளங்கள் ஏறத்தாழ 15,340 கிலோமீட்டர் என்கின்றன. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்று கொண்டால் 17 மணி நேரம்தான் வருகிறது. பயணச்சீட்டிலோ பதினெட்டரை மணி நேரத்துக்கும் மேல் போட்டிருக்கிறார்கள். நண்பகலை ஒட்டிப் புறப்படும் விமானம் அன்று மாலையே போய்ச் சேர்வதாகவும் இருக்கிறது. அப்பாவுக்கு மருந்து வேளை தவறக் கூடாது என்பதால் தெளிவாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மறுமொழி (நிலப்படப்பிரியன்):
அந்த 15,340 என்பது பூமியுருண்டையின் மேல் இரு நிலையங்களுக்கும் இடையே உள்ள மிகக் குறைந்த தூரம். இதை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். சாங்கி கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையிலும் நியூயார்க் மேற்கு 74 பாகையிலும், அதாவது உருண்டையின் ஏறத்தாழ நேரெதிர்ப் பக்கங்களில் (104 + 74 = 178 பாகை) இருப்பதால், குறுக்குவழி சைபீரியாவைக் கடந்து ஏறக்குறைய வட துருவத்தின் மேலேயே போகிறது. சாங்கியிலிருந்து துருவம்வரை 88½ பாகை, அங்கிருந்து நியூயார்க்வரை 49½ பாகை, ஆக 138. பாகைக்கு 111.2 கிலோமீட்டர் என்று பெருக்கினால் தளங்கள் சொல்லும் அதே தூரம் கிடைக்கும். தட்டையான உலகப்படத்தில் கோடு இழுத்துப் பார்த்தால் இது புலப்படாது.

மறுமொழி (வான்வழி):
கணக்கு சரி; ஆனால் நியூயார்க் செல்லும் விமானம் பெரும்பாலும் அந்தத் துருவப் பாதையில் போவதில்லை. ஜப்பான் பக்கமாக ஏறி, பசிபிக்கைக் கடந்து வட அமெரிக்காவுக்குள் நுழைகிறது. இதனால் தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடுகிறது என்றாலும், மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம், குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டுவதால், விமானத்தை முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் முன்னே கொண்டுசெல்கிறது. அன்றன்றைய காற்றைப் பார்த்தே பாதையை முடிவு செய்கிறார்கள். மேலும், சீட்டில் உள்ள நேரம் வானில் பறக்கும் நேரம் மட்டுமன்று. வாயிலை விட்டு நகர்வதிலிருந்து அங்கே வாயிலில் வந்து நிற்பதுவரை உள்ள முழு நேரம். ஆகவே தூரத்தை வேகத்தால் வகுத்து இந்தப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள்.

மறுமொழி (நெடும்பயணி):
இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தத் தடத்தில் பறக்கும் ஏ350-900யுஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறப்பதற்கான ஏர்பஸ் வகை) விமானத்தில் இருக்கைகள் 161 மட்டுமே. பிசினஸ், பிரீமியம் எகானமி ஆகிய இரண்டு வகுப்புகள்தான், சாதாரண எகானமி கிடையாது. இவ்வளவு தொலைவுக்கான எரிபொருளைச் சுமக்க வேண்டியிருப்பதே இதற்கு முக்கியக் காரணம்.

கடிகாரக் குழப்பத்துக்கு வருகிறேன். நியூயார்க் நம்மைவிடக் கோடையில் 12 மணி நேரமும் குளிர்காலத்தில் 13 மணி நேரமும் பின்தங்கியிருக்கிறது. கோடையில் பகல் 12 மணிக்குப் புறப்பட்டு 18 மணி 40 நிமிடம் பயணம் செய்தால், சிங்கப்பூரில் மறுநாள் காலை 6.40, நியூயார்க்கில் அதே நாள் மாலை 6.40. எனவே அப்பாவின் கைக்கடிகாரத்தை இறங்கும்வரை சிங்கப்பூர் நேரத்திலேயே விட்டுவைத்து, இரவு மருந்தை அதன்படியே கொடுக்கச் சொல்லுங்கள். இறங்கியபின் வேளைகளை எப்படி மாற்றுவது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.