புதுப்பிப்பு: வஸ்தோக் மாதிரியின் இடைவெளியும் நிறமும்

யூரி ககாரினை 1961 ஏப்ரல் 12 அன்று சுமந்து சென்ற வஸ்தோக் ராக்கெட்டின் 1/72 மாதிரியில், பக்கக் கூம்புகள் நான்கும் நடு உடலோடு பொருந்தவில்லை என்றும், எந்த நிறம் பூசுவது என்று தெரியவில்லை என்றும் சென்ற மாதம் எழுதியிருந்தேன்.

இடைவெளிக்குக் காரணம் என் அவசரமே. கூம்பின் அடிப்பகுதியை முதலில் ஒட்டிவிட்டதால் உச்சி விலகி நின்றது. உண்மையான ராக்கெட்டில் பக்கக் கூம்புகளின் உந்துவிசை அவற்றின் உச்சி மூட்டு வழியாகவே நடு உடலுக்குச் செல்கிறது என்பதை நினைவில் வைத்து, பிரித்தெடுத்து, உச்சியை முதலில் பொருத்தியபோது கீழ்ப்பகுதி தானாகவே இடத்தில் அமர்ந்தது. மிஞ்சிய கீறலைப் புட்டியும் உப்புத்தாளும் சரிசெய்தன.

நிறத்தைப் பொறுத்தவரை, இந்த ராக்கெட்டின் தோற்றம் 1967 பாரிஸ் விமானக் கண்காட்சி வரை வெளியுலகுக்குக் காட்டப்படவில்லை. காட்சிக்கு வைத்தவற்றின் வெள்ளையை நம்பாமல், உண்மையில் பறந்த ராக்கெட்டின் சாம்பல் கலந்த பச்சையையே பூசினேன்.

ஐந்து எஞ்சின்களின் 20 பெரிய குழல்களுக்கும் 12 சிறு குழல்களுக்கும் வண்ணம் தீட்டுவதற்கு மட்டும் மூன்று மாலைகள் பிடித்தன (கண்ணாடியை மாற்ற வேண்டிய வயது வந்துவிட்டது போலும்). தாங்கு கோபுரம் இன்னும் தொடங்கப்படவில்லை.