கார்டை எங்கே தேய்த்தாய்?

குழு: எட்டாம் நம்பர் வீடு

வெள்ளி, இரவு 9:38

நான்: டென்வரில் எடுத்த வாடகைக் காருக்கு பில் வந்துவிட்டது. எஸ்டஸ் பார்க்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது பின் பம்பர் கல்லில் உரசியதே, அதற்கு. 1,710 டாலர்.

அம்மா: ஐயோ! யாருக்கும் அடி இல்லையே?

நான்: இல்லம்மா. அடி பம்பருக்கு மட்டும்தான்.

அப்பா: ஒரு உரசலுக்கா? பாளையங்கோட்டை டிங்கரிங் கடையில் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தால் நாலாயிரம் ரூபாயில் முடிந்துவிடும்.

அக்கா: இங்கே பட்டி எல்லாம் பார்க்க மாட்டார்கள் அப்பா, பம்பரையே மாற்றிவிடுவார்கள். தம்பி, பில்லில் என்னென்ன இருக்கிறது?

நான்: பம்பர், பெயிண்ட், கூலி 1,140. லாஸ் ஆஃப் யூஸ் ஆறு நாளுக்கு 270. நிர்வாகக் கட்டணம் 100. டிமினிஷ்ட் வேல்யூ 200.

அப்பா: தமிழில் சொல்லு.

அக்கா: வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்ற நாளுக்கு வாடகை போயிற்றாம், அதுதான் 270. கடைசியில் இருக்கும் 200, அடிபட்ட வண்டி என்பதால் விற்கும்போது விலை குறையுமே, அதற்கு.

அப்பா: கெட்டிக்காரர்கள்.

நான்: நாளைக்கே கட்டித் தொலைத்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

அக்கா: கட்டாதே. கவுண்டரில் அவர்களுடைய இன்சூரன்ஸ் எடுத்தாயா?

நான்: ஒரு நாளுக்கு 29 டாலர் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டேன்.

அக்கா: நல்லது.

நான்: இதில் என்ன நல்லது!

அத்தான்: இருக்கிறது மாப்பிள்ளை. சிடிடபிள்யூ என்று அவர்கள் விற்பதை எடுத்திருந்தால் கிரெடிட் கார்டோடு சேர்ந்து வரும் வாடகைக் கார் இன்சூரன்ஸ் செல்லாது. சரி, வாடகையை எந்தக் கார்டில் தேய்த்தாய்? முழுவதும் அதே கார்டில் போயிருக்க வேண்டும்.

நான்: புக்கிங் விசாவில். கவுண்டரில் டெபாசிட்டுக்கு டெபிட் கார்டு கொடுத்தேன்.

அக்கா: போச்சு.

அத்தான்: பொறு. டெபாசிட் வேறு, வாடகை வேறு. ஸ்டேட்மெண்டைப் பார்.

9:55

நான்: வாடகை மொத்தமும் விசாவில்தான் போயிருக்கிறது. டெபிட்டில் பிடித்தது திரும்பி வந்துவிட்டது.

அத்தான்: பிழைத்தாய். ஓட்டியது யார்?

நான்: என் மனைவிதான். ஒப்பந்தத்தில் அவள் பெயரும் இருக்கிறது.

அம்மா: அவளைத் திட்டினாயா?

நான்: இல்லை.

அம்மா: திட்டாதே.

சித்தி: நாங்கள் போன கோடையில் பன்னிரண்டு பேர் உட்காரும் வேன் எடுத்து, கதவில் கோடு விழுந்து, கார்டுக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். பெரிய வேன் கணக்கில் வராதாம்.

அத்தான்: ஆமாம் சித்தி. பெரிய வேன், லாரி, விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார் எதுவும் சேராது. டூரோ மாதிரி தனி ஆளிடம் எடுக்கும் வண்டியும் பெரும்பாலும் சேராது.

அத்தான்: மாப்பிள்ளை, இன்னொன்று. சாதாரண விசா கார்டில் இந்த இன்சூரன்ஸ் பெரும்பாலும் செகண்டரிதான். முதலில் நம் சொந்தக் கார் இன்சூரன்சில் கேட்க வேண்டும், அதில் நம் கையிலிருந்து போகும் டிடக்டிபிளைத்தான் கார்டு தரும். எனக்கு ஒருமுறை அப்படித்தான் சொந்தப் பாலிசியில் கிளெய்ம் ஏறிவிட்டது. அப்புறம்தான் பிரைமரியாக, அதாவது சொந்தப் பாலிசியைத் தொடாமல் நேராகத் தரும் சேஸ் சஃபையர் பிரிஃபர்டு கார்டு வாங்கினேன். உனக்கு ஜெர்சி சிட்டியில் காரும் இல்லை, பாலிசியும் இல்லை. அதனால் நேராகக் கார்டிடமே கேட்கலாம்.

அப்பா: கார் வாங்காததிலும் ஒரு லாபமா!

அக்கா: லாபம் என்று சொல்லாதீர்கள். கல்லில் இடித்ததால் தப்பித்தார்கள். வேறொருவர் காரில் இடித்திருந்தால் அந்தக் காருக்குக் கார்டு ஒரு பைசா தராது. ஆள் மீது பட்டால் கேட்கவே வேண்டாம். தம்பி, உனக்குப் பாலிசி இல்லை. அடுத்த தடவை கவுண்டரில் லயபிலிட்டியை, அதாவது அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான இன்சூரன்சை மட்டுமாவது எடு.

நான்: அது எனக்குத் தோன்றவே இல்லை.

அத்தான்: நாளைக் காலையில் கார்டின் பின்னால் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிடு. பல விசா கார்டுகளில் 45 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று இருக்கும். ஒப்பந்தம், ரிப்பேர் பில், போட்டோ, ஸ்டேட்மெண்ட் எல்லாம் கேட்பார்கள். வாடகைக் கம்பெனியிடம் ஃப்ளீட் லாக், அதாவது அவர்கள் வண்டிகளின் பதிவேடு கேள். அந்த ஆறு நாளும் அவர்களிடம் வேறு வண்டி சும்மா நின்றதா என்று அதில் தெரியும். அது இல்லாமல் அந்த 270-ஐக் கார்டு தராது.

ஆறு வாரம் கழித்து, ஞாயிறு

நான்: 1,140 வந்துவிட்டது. லாக் கேட்டு மூன்று மெயில் போட்டேன், கடைசியில் வாடகைக் கம்பெனியே 270-ஐத் தள்ளுபடி செய்துவிட்டது. நிர்வாகக் கட்டணமும் அந்த 200-ம் கார்டில் வராதாம். 300 என் கையிலிருந்து போனது.

அப்பா: அதில் இங்கே ஆறு பம்பர் பார்த்துவிடலாம்.

அம்மா: நாங்கள் வரும்போது எல்லோரும் பஸ்ஸிலேயே போவோம்.