மின்னணுச் சான்றுக்கான 63(4) சான்றிதழின் ‘பி’ பகுதியை, கைபேசி முழுவதையும் ஒப்படைக்காமல் பெற முடியுமா?

வணக்கம். மதுரையில் உரிமையியல் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் நான். கடன் தொகையை வசூலிக்க என் கட்சிக்காரரான அம்மையார் தொடுத்துள்ள வழக்கில், கடனை ஒப்புக்கொண்டு பிரதிவாதி 2024 ஆகஸ்டு முதல் நவம்பர் வரை அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும் 14 குரல் பதிவுகளுமே முதன்மைச் சான்று. அவை என் கட்சிக்காரருடைய ரெட்மி நோட் 10 கைபேசியில் உள்ளன.

திரைப்பிடிப்புகளை அச்சிட்டுத் தாக்கல் செய்தபோது, பாரதிய சாக்ஷிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63(4) பிரிவுச் சான்றிதழ் இல்லை என எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. 1.7.2024 முதல் நடப்பிலுள்ள இப்பிரிவு, பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவைப் போலன்றி, நிபுணர் கையொப்பமிடும் ‘பி’ பகுதியையும் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாற்றப்படவில்லை எனச் சரிபார்க்க உதவும் எண்முறைக் கைரேகை போன்றது) கேட்கிறது. உரையாடலை ஏற்றுமதி செய்து, எஸ்எச்ஏ256 முறையில் அதன் ஹாஷ் மதிப்பைக் கணக்கிட்டு, சான்றைத் தாக்கல் செய்யும் தரப்பு நிரப்ப வேண்டிய ‘ஏ’ பகுதியை நிறைவு செய்துவிட்டோம். கணினித் துறைப் பேராசிரியர் ஒருவர், நிபுணர் என்பவர் யார் என்பது தெளிவாக இல்லை எனக் கூறிக் கையொப்பமிட மறுத்தார். தனியார் ஆய்வகம் ஒன்றோ கைபேசி முழுவதையும் படியெடுத்தே தீர வேண்டும் என்கிறது. அதில் அவருடைய மருத்துவ அறிக்கைகளும் மகளின் படங்களும் இருக்கின்றன. கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்டு வந்தவர், அதற்காகத் தம் குடும்ப வாழ்க்கை முழுவதையும் அந்நியர் கையில் ஒப்படைக்க நேர்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அடுத்த வாய்தாவுக்கு மூன்று வாரங்களே உள்ளன.

ஒரே ஓர் உரையாடலை மட்டும் பிரித்தெடுத்து நிபுணர் அளித்த ‘பி’ பகுதியை ஏற்றுக்கொண்ட நீதிமன்ற உத்தரவு எதையேனும் நீங்கள் அறிவீர்களா?