‘நாளைக்கு வாங்க’: மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறங்கியவர்கள் சொல்லுங்கள்

மிளகுக்கொடி:
அத்தைக்கு வயிற்றில் கட்டி இருக்கலாம் என்று ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள். ஏற்காட்டுக்கும் மேலே எங்கள் ஊர். முதல் பஸ்ஸில் சேலம் ஆஸ்பத்திரிக்கு இறங்கியும் எங்கள் முறை வர மதியம் தாண்டிவிட்டது. கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “டோக்கன் முடிஞ்சுது, நாளைக்கு வாங்க” என்றார். அத்தை சீட்டை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, “கடைசி பஸ் இருக்குமாடா?” என்று மட்டும் கேட்டார். சேலத்துக்குள்ளேயே அஸ்தம்பட்டியில் இருப்பவருக்கு நாளைக்கு என்றால் நாளைக்குத்தான். எங்களுக்கு அது காப்பித் தோட்டத்தில் இன்னொரு நாள் கூலி, மறுபடியும் 20 கொண்டை ஊசி வளைவு. 2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்ல திட்டம். ஆனால் கட்டி என்றால் இறங்கித்தான் ஆக வேண்டும். அத்தை இனி வர மாட்டேன் என்கிறார்.

வெள்ளைச்சட்டை:
நான் செவிலியர். கவுண்டரில் இருப்பவரைத் திட்டாதீர்கள் தம்பி, ஆத்தூர், கருமந்துறை என்று எல்லாப் பக்கத்துக் கூட்டமும் அந்த ஒரே ஜன்னலுக்குத்தான் வருகிறது. மலையிலிருந்து வருபவருக்கு முதல் டோக்கன் என்று ஒரு விதி இல்லை பாருங்கள், அதைக் கேளுங்கள்.

குப்பனூர் ரோடு:
விதி வரும்வரை வலி காத்திருக்குமா அக்கா? என் தங்கைக்கு வலி கண்ட ராத்திரி 108 தார் ரோடு வரைக்கும்தான் வந்தது. கட்டிலோடு தூக்கி வந்தோம், டார்ச் பிடித்த என் சட்டையை அவள் விடவே இல்லை. கர்ப்பிணி இருக்கிற வீட்டில் எல்லாரும் கேளுங்கள், மலைப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவத்துக்கு முன்பே வந்து தங்க அறை வைத்திருக்கிறார்கள், கிராம நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அப்புறம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் கிடைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் போங்கள், நோய் வந்தபின் அலையாதீர்கள்.

மிளகுக்கொடி:
அட்டை இருக்கிறது அண்ணா. அட்டை இருந்தும் அன்றைக்கு ஸ்கேன் நடக்கவில்லையே! அக்கா சொன்ன முதல் டோக்கன் விஷயத்தை மனுவாக எழுதித் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுக்கப் போகிறேன், மலையில் இருப்பவர்கள் யார் யார் கையெழுத்துப் போடுகிறீர்கள்? அப்புறம், அத்தை சம்மதித்தால் முந்தின நாளே வந்து தங்கக் குறைந்த வாடகையில் இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், தாதகாப்பட்டி பக்கம் என்றாலும் சரி.