அன்றாடப் பயணத்தைக் காட்டும் பழைய ஹாலிவுட் படங்கள்: பரிந்துரை வேண்டும்

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். வேலைக்கும் வீட்டுக்குமாகச் சாதாரண மக்கள் போய்வரும் பேருந்து, டிராம், சுரங்க ரயில் ஆகியவை கதையிலேயே பங்கு பெறும் பழைய ஹாலிவுட் படங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

1934-இல் ஃபிராங்க் காப்ரா இயக்கிய ‘இட் ஹேப்பண்ட் ஒன் நைட்’ படத்தில், இரவுப் பேருந்தின் பின்னிருக்கைக்காகக் கிளார்க் கேபிளும் கிளாடெட் கோல்பெர்ட்டும் முட்டிக்கொள்வதும், பிறகு பயணிகள் எல்லோரும் சேர்ந்து பாடுவதும், அப்படம் வென்ற ஐந்து ஆஸ்கர்களைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றன. 1945-இல் வந்த ‘தி கிளாக்’ படத்தில் நியூயார்க் சுரங்க ரயிலின் நெரிசலே காதலர்களைப் பிரித்துவிடுகிறது. அத்தனையும் கலிஃபோர்னியாவில் போட்ட அரங்குதான் என்றால் நம்பவே முடியாது. மௌனப்பட நகைச்சுவை நடிகர் ஹரால்டு லாயிடின் ‘கேர்ள் ஷை’ (1924) படமோ நிஜத் தெருக்களில் எடுக்கப்பட்டது: மேலே ஓடும் மின்கம்பியிலிருந்து நழுவிய மின்கழியை (டிராமுக்கு மின்சாரம் எடுத்துத் தரும் கூரைக் கழி) சரிசெய்ய அவர் டிராமின் கூரைமேல் ஏற, ஓட்டுநர் இல்லாத வண்டி கிளம்பிவிடுகிறது.

1961-இல் கடைசி ஓட்டத்தை முடித்துக்கொண்ட லாஸ் ஏஞ்சலிஸின் பசிபிக் எலக்ட்ரிக் என்ற மின்ரயில் அமைப்பின் சிவப்பு வண்டிகள் தெளிவாகத் தெரியும் படங்கள் எவை என்பதை அறிந்தவர்கள், படத்தின் பெயர், ஆண்டு, இயலுமானால் காட்சி வரும் இடம் ஆகியவற்றைக் கீழே குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மௌனப் படங்களாக இருந்தால் இன்னும் மகிழ்ச்சி. கார் துரத்தல் படங்கள் மட்டும் வேண்டாம்.