பால் வாளியிலும் உர வாளியிலும் கண்ட வேதியியல்: மலேசியாவின் சுங்கை சிப்புட் அனுபவங்கள்

ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர்:

பால்மரம் (ரப்பர் மரம்) சீவும் குடும்பங்களிலிருந்து வந்த மாணவர்களுக்குக் கரைசல் பாடத்தை நடத்தும்போதெல்லாம், மரத்தில் கட்டிய மங்கில் (கிண்ணத்தில்) வடியும் பாலைக் காட்டித்தான் தொடங்குவேன். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி தண்ணீர். ஆனாலும் அந்த ரப்பர் தண்ணீரில் கரைந்திருக்கவில்லை, நுண்துகள்களாக மிதக்கிறது. அத்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் பால் வெண்மையாகத் தெரிகிறது. உப்பு நீரில் உள்ள அயனிகள் ஒளியைச் சிதறடிக்க முடியாத அளவுக்குச் சிறியவை என்பதால் அது தெளிந்தே இருக்கிறது.

தண்ணீர் மூலக்கூறு 104.5 பாகைக் கோணத்தில் வளைந்தது. அதன் ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர்மின் தன்மையும் ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர்மின் தன்மையும் கொண்டவை. உப்பை இட்டால் ஆக்சிஜன் முனைகள் சோடியத்தையும், ஹைட்ரஜன் முனைகள் குளோரைடையும் சூழ்ந்து, படிகத்திலிருந்து பிரித்து எடுத்துவிடுகின்றன. கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கோத்த நீண்ட சங்கிலியான ரப்பரில் தண்ணீர் பற்றிக்கொள்ள அத்தகைய மின்முனை எதுவும் இல்லை. அதே ரப்பரைப் பெட்ரோலில் ஊறவைத்தால் உப்பிப் பெருக்கிறது.

மாணவர்கள் மிகவும் விரும்பிப் பார்த்தது பால் உறைவதைத்தான். துகள்களைப் போர்த்தியுள்ள புரதங்கள் எதிர்மின்னேற்றம் பெற்றிருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்கியபடியே மிதக்கின்றன. நீர்த்த ஃபார்மிக் அமிலத்தை ஊற்றிக் கலக்கி, நுரையை வழித்துவிட்டுக் காத்திருந்தால், அந்த மின்னேற்றம் தணிந்து துகள்கள் ஒட்டிக்கொள்ளும். கட்டியை அழுத்தும்போது கசியும் நீரைத் தட்டில் காயவைத்தால் ஒரு படிவு மிஞ்சும். பாலில் உண்மையிலேயே கரைந்திருந்த சர்க்கரைகளும் உப்புகளும் அதில் அடங்கியுள்ளன.

பால்மரத் தொழிலாளியின் மகள்:

ஐயா, பாலைச் சேகரிக்கும் ஸ்டோருக்குப் போய்ச் சேருமுன் வாளியிலேயே உறைந்துவிடாமல் இருக்க, எங்கள் அம்மா அம்மோனியா கலப்பார். நீங்கள் சொன்ன அதே சர்க்கரைகளைத் தின்று நுண்ணுயிர்கள் அமிலத்தை உண்டாக்குவதால்தான் பால் தானாகவே உறைகிறது என்பதையும், அம்மோனியா அந்த அமிலத்தை முறிப்பதோடு நுண்ணுயிர்களையும் அடக்குகிறது என்பதையும் பின்னர் கல்லூரியில் படித்தேன். 20 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 700 லிட்டர் அம்மோனியா வாயுவைக் கரைத்துக்கொள்ளும். வெப்பம் ஏறினால் வாயுவின் கரைதிறன் குறையும். வெயிலில் இருந்த போத்தலைத் திறந்ததும் மூக்கைத் துளைத்துக் கண்ணைக் கரித்த அந்த நெடிக்கு இதுவே காரணம்.

செம்பனைத் தோட்ட ஊழியர்:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். எங்கள் பக்கம் பால்மரம் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்துவிட்டது. நாற்றுகளுக்குத் தெளிக்க யூரியாவைக் கரைக்கும்போது வாளி சில்லிட்டு, அதன் வெளிப்புறத்தில் நீர் முத்துமுத்தாகப் பூத்துவிடும். யூரியாப் படிகத்தைப் பிரிக்கத் தேவைப்படும் ஆற்றல், தண்ணீர் அதன் மூலக்கூறுகளைச் சூழும்போது வெளிப்படும் ஆற்றலைவிட அதிகம்; அந்தக் குறையை வாளித் தண்ணீரின் வெப்பமே ஈடுசெய்கிறது. பாறை பாஸ்பேட் உரமோ இதற்கு நேர்மாறானது: வெறும் தண்ணீரில் எவ்வளவு கலக்கினாலும் அடியிலேயே படியும். நம் தோட்டத்து மண் புளிப்புத்தன்மை மிகுந்தது என்பதால்தான் அது மெல்ல மெல்லக் கரைந்து வேருக்குப் போய்ச் சேருகிறது.